ரவிவர்மா படம் வாங்கப் போகும் தம்பிக்கு

முடிச்சூர்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கைப்பேசியிலிருந்து படம் வந்து நான்கு நாட்கள் ஆயின. செட்டிநாட்டு வீடு ஒன்றிலிருந்து இறங்கியது என்று தரகர் ஒருவர் சொல்லும் லக்ஷ்மி படத்தை, கண்ணாடியும் சட்டமும் சேர்த்துச் சற்றுக் கோணலாகப் பிடித்து அனுப்பி, "அசல்தானா, சார்? பணம் கொடுத்துவிடலாமா?" என்று நீ கேட்டிருந்ததற்கு, ஆம் என்றோ இல்லை என்றோ உடனே சொல்லாமல் நான் மௌனமாக இருந்தது உன்மேல் கொண்ட அலட்சியத்தால் அன்று. திரையில் நான் பார்த்தது உன் லக்ஷ்மியை அல்ல. திரைக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலப் பொறிகள் கூடிப் போட்ட லக்ஷ்மி வேஷத்தை. ஒரு படம் எவ்விதம் அச்சாயிற்று என்று அறிய வேண்டியவன், இன்னொரு யந்திரம் அதைக் காட்டும் விதத்தைக் கண்டு தீர்ப்புச் சொல்வானானால், அது நோயாளியின் நிழலைத் தொட்டு நாடி பார்த்த வைத்தியன் கதையாகிவிடும். முடிச்சூர் சாலையில் சட்டம் போடும் கடை வைத்து, அதனோடு பழம்படங்களை வாங்கி விற்கும் தொழிலிலும் கால் வைத்திருக்கும் நீ கேட்டதையே வேறு இரண்டு மூன்று இளைஞர்களும் என்னிடம் கேட்டிருப்பதால், உனக்கு எழுதும் இக்கடிதத்தை அவர்களும் படிக்கும்படி பகிரங்கமாகவே எழுதுகிறேன்.

முதலில் இதிலுள்ள ஒரு வேடிக்கையைக் கவனி. நாம் அசல் என்று தேடி அலைவதே ஒரு பிரதியைத்தான். 1848இல் கிளிமானூரில் பிறந்த ரவிவர்மா தைல வர்ணத்தில் எழுதிய சித்திரங்கள் அரண்மனைகளுக்கும் தனவந்தர்களின் மாளிகைகளுக்கும் போய்ச் சேர்ந்துகொண்டிருந்த காலத்தில், திருவாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த டி. மாதவராவ், அவற்றில் சிலவற்றை ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சிட்டுக்கொண்டால் விரும்பும் பலருக்கும் அவை கிடைக்குமே என்று 1884இல் அவருக்கு எழுதினார். ஐரோப்பாவுக்கு அனுப்புவதற்குப் பதிலாக, பத்து வருஷங்கள் கழித்து, 1894இல், ஜெர்மனியிலிருந்து யந்திரங்களையும் தொழில் தெரிந்தவர்களையும் வரவழைத்துப் பம்பாயின் கிர்காம் பகுதியில் ரவிவர்மா தாமே ஓர் அச்சகம் தொடங்கினார். சகுந்தலையின் ஜனனம் அதன் முதற் படம். பிறகு அது காட்கோபருக்குப் போய், அங்கிருந்து நூற்றாண்டின் கடைசியில் லோனாவ்லாவுக்கு அருகிலுள்ள மளவலிக்குக் குடிபெயர்ந்து, சில வருஷங்களுக்குள் ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியரின் கைக்கு மாறி, ஓவியர் 1906இல் காலமான பின்னும் நெடுங்காலம் நடந்தது. 1972இல் அங்கே தீப்பிடித்தது.

இந்தச் சரித்திரத்தை உனக்கு ஒப்பிப்பதற்குக் காரணம் உண்டு. "1894இல் அச்சான முதல் பிரதி, சார்" என்று ஒருவர் நீட்டும் படத்தின் அடியில் கார்லா – லோனாவ்லா என்ற பிற்கால முகவரி இருக்குமானால், படம் உண்மையாகவே இருக்கலாம், சொன்னவர் உண்மை சொல்லவில்லை. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல், பொய்க் கதையோடு வந்த மெய்யான படத்தை வேண்டாமென்று திருப்பி அனுப்பியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பழம்படம் வாங்குகிற ஒவ்வொருவனும் அதன் வயதைத்தான் முதலில் கேட்கிறான். மஞ்சள் பூத்திருக்கிறதா, ஓரம் இற்றிருக்கிறதா, பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்த்துத் திருப்தி அடைகிறான். வயதை உண்டாக்குவது சுலபம், தம்பி. தேநீர்த் தண்ணீரில் நனைத்து வெயிலில் போட்டால் ஒரே நாளில் ஐம்பது வயது கூடிவிடும். உண்டாக்க முடியாதது பிறப்பு. நீ ஒரு படத்தைப் பார்த்து, உனக்கு எத்தனை வயது என்று கேட்காதே. நீ எப்படிப் பிறந்தாய் என்று கேள்.

ரவிவர்மா படம் கல்லில் பிறந்தது. நெய்ப்பசையுள்ள கோல் கொண்டு வழவழப்பான சுண்ணாம்புக் கல்மீது சித்திரம் எழுதி, கல்லை நீரால் நனைத்துவிட்டு மை உருளையை ஓட்டினால், எழுதிய இடம் மையை வாங்கும், நனைந்த இடம் தள்ளிவிடும். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டா என்று நம் பாட்டிமார் சொல்லும் சமாசாரத்தை வைத்துக்கொண்டே, 1796ஐ ஒட்டி ம்யூனிக் நகரில் அலாய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்த வித்தை இது. வர்ணப் படத்துக்கு வர்ணத்துக்கு ஒரு கல். முகத்தின் இளஞ்சிவப்புக்கு ஒன்று, நிழலின் பழுப்புக்கு ஒன்று, புடவையின் சிவப்புக்கு ஒன்றோ இரண்டோ என்று பத்துக் கல்லுக்குமேல் தனித்தனியே எழுதி, ஒன்றன்மேல் ஒன்று விலகாமல் அச்சிட்டு, தைல ஓவியம்போல மினுங்குவதற்காக மேலே வார்னிஷும் பூசினார்கள். அந்தக் கற்களில் புள்ளி வைத்தவன் மனிதன். கன்னம் திரும்பும் இடத்தில் அவன் புள்ளிகள் நெருங்கும், நெற்றியில் கலையும். ஒன்று பெரிது, அடுத்தது சிறிது, மூன்றாவது சற்று வால் நீண்டது. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியை, கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் கண்ணில் வைத்துக்கொள்கிறார்களே அதைப் போன்றதை, லக்ஷ்மியின் கன்னத்தின்மேல் வைத்துப் பார்; கோலம் போடுகிறவளின் விரலிலிருந்து விழுந்த மாவைப்போல, ஒழுங்கும் ஒழுங்கின்மையும் கலந்த ஒரு தூவலைக் காண்பாய்.

போலியில் காண்பது வேறு. 31 வருஷம் ஆஃப்செட் மெஷினுக்கு முன்னால் நின்றவன் ஆகையால் இதை நான் தூக்கத்திலும் சொல்வேன்: நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கே மைகளின் புள்ளிகள், பட்டாளத்துச் சிப்பாய்கள்போல வரிசை பிசகாமல் நின்று, கூடுமிடங்களில் சிறுசிறு ரோஜாப்பூ வட்டங்களாகத் தோன்றும். அதைவிட எளிதான இடம் ஒன்றைச் சொல்கிறேன். படத்தின் அடியில் உள்ள அச்சக முகவரியைப் பார். கல்லச்சில் அந்த எழுத்துகள் முழு மையில் விளிம்பு சுத்தமாக நிற்கும். பழைய படத்தைப் புகைப்படம் பிடித்து மறுபடி அச்சிட்டவனோ எழுத்தையும் படத்தோடு சேர்த்தே புள்ளியாக்கிவிடுவான், ஆதலால் ஒவ்வோர் எழுத்தின் விளிம்பும் ரம்பப் பல்போல் உடைந்திருக்கும். வீட்டு அச்சுப் பெட்டியில் மையைப் பீச்சி எடுத்த பிரதியில் வரிசையும் இராது, விளிம்பும் இராது. பனி படிந்ததுபோல ஒரு மங்கல் தூறல் மட்டும் இருக்கும்.

ஆனால் புள்ளி வரிசையாக இருப்பதே குற்றம் என்று எண்ணிவிடாதே. கோவில்பட்டியில் தேவி ஆர்ட் ஸ்டுடியோ வைத்திருந்த சி. கொண்டையராஜுவின் தெய்வப் படங்கள் சிவகாசி அச்சகங்களிலிருந்து காலண்டராக வந்தபோது இவ்விதப் புள்ளிகளால்தான் வந்தன. அவை யாரையும் ஏமாற்ற வந்தவையல்ல, தம் காலத்தின் யந்திரத்தில் நேர்மையாகப் பிறந்தவை. அவற்றைச் சேர்ப்பதும் உத்தமமான காரியம் என்பதே என் அபிப்பிராயம், விலையும் கைக்கு எட்டும். கல்லில் பிறந்தேன் என்று சொல்லிக்கொண்டு வரும் படத்தில் அந்த வரிசையைக் கண்டால் மட்டுமே வழக்கு.

இவ்வளவு தெரிந்தவன் ஏமாந்ததில்லையா என்று நீ கேட்பாய். ஏமாந்தேன். என் தாயார் பூஜை அறையில் ஒரு சரஸ்வதி இருந்தது. கஷ்ட காலத்தில் தகப்பனார் அதை விற்றுவிட்டார். நாற்பது வருஷங்களுக்குப் பின், 2009இல், ஒரு கடையில் அதே சரஸ்வதி, அதே மாதிரி தேக்குச் சட்டத்தில், எனக்காகவே காத்திருந்ததுபோல் சுவரில் சாய்ந்திருக்கக் கண்டேன். சட்டைப் பையில் கண்ணாடி இருந்தது, எடுக்கவில்லை. சட்டம் பழசு என்பது பார்த்தவுடனே தெரிந்தது, அது போதும் என்று மனம் சொல்லிற்று. வீட்டுக்கு வந்த பிறகும் ஆறு வருஷம் நான் அதைச் சோதிக்கவில்லை என்பதை இன்று நினைத்தால், சந்தேகம் வராததால் அல்ல, வந்துவிடுமோ என்ற பயத்தால்தான் என்று தோன்றுகிறது.

2015 டிசம்பர் வந்தது. அடையாறு கரை மீறி வரதராஜபுரத்தையும் முடிச்சூரையும் ஏரியாக்கிய அந்த நாட்களை நீயும் அறிவாய். பள்ளிக்கூடத்துப் பையனாக மொட்டை மாடியில் நின்றிருப்பாய். எங்கள் வீட்டுக் கூடத்தில் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு சேற்றிலிருந்து எடுத்த மூன்று படங்களில் இரண்டு, மாமனார் வழியாக வந்தவை, அட்டையை விட்டுக் கழன்று பழந்துணிபோல் துவண்டிருந்தபோதிலும் வர்ணம் ஒரு நூலிழை கலையவில்லை. ஆளிவிதை எண்ணெயில் குழைத்து நூறு வருஷம் காய்ந்த மையை அடையாறு என்ன செய்ய முடியும்? உறிஞ்சு தாளுக்கிடையே வைத்து உலர்த்தினேன், இன்றும் இருக்கின்றன. மூன்றாவதில் சரஸ்வதியின் வெண்புடவைமேல் ரோஜா நிறம் ஓடியிருந்தது. வீணையும் கையும் ஒன்றாகிவிட்டன. மை பீச்சி எடுத்த பிரதி அது. பழைய சட்டத்துக்குள் புதிய படம். எங்கள் தெருவில் வீடு வாசலே போனவர்கள் இருக்கையில் இதற்காக வருத்தப்பட வெட்கமாகத்தான் இருந்தது.

அந்த வியாபாரியை நான் தேடிப் போகவில்லை. அவர் அசல் என்று வாய்விட்டுச் சொன்னாரா என்பது கூட எனக்கு ஞாபகம் இல்லை. சட்டம் சொன்னதை நான் அவர் சொன்னதாக எடுத்துக்கொண்டேன். நீ சட்டம் போடுகிறவன், ஆகையால் இந்த வித்தை உனக்கே வெளிச்சம்: சட்டமும் படமும் ஒன்றாக முதுமை அடைந்தனவா என்று பார்க்க வேண்டும். மரத்தின் உள்விளிம்பு மறைத்திருந்த ஓரத்தில் வெளிச்சம் படாததால் வர்ணம் செழிப்பாகவும், வெளியே தெரிந்த பாகம் சற்று வெளுத்தும் இருப்பது இயல்பு. இரண்டும் ஒரே நிறமாக இருந்தால் காரணம் கேள். பூச்சி அரித்த துவாரம் படத்தில் இருந்து, அதற்கு நேரே பின்பலகையிலோ அட்டையிலோ ஒன்றும் இல்லாவிட்டால், அந்தப் பூச்சிக்குக் கை கால் இருந்திருக்கிறது.

கடைகளில் ரூபாய் நோட்டுச் சோதிக்கிறார்களே, அந்த ஊதா விளக்கும் உனக்கு உதவும். வேட்டிக்கு நீலம் போடுவதுபோலக் காகிதத்துக்கு வெண்மை ஊட்டும் ரசாயனம் 1950ஐ ஒட்டிய ஆண்டுகளுக்குப் பின்னரே ஆலைகளில் பரவிற்று. இருட்டறையில் அவ்விளக்கைக் காட்டினால் அத்தகைய காகிதம் நீலவெண்மையாக ஒளிரும். ஒளிர்ந்தால் பெரும்பாலும் சந்தேகம் சரி, பின்னால் ஒட்டிய புது அட்டைதான் ஒளிர்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள். ஒளிராவிட்டால் ஒன்றும் நிரூபணம் ஆகவில்லை, ஏனெனில் அந்த ரசாயனம் சேராத காகிதம் இன்றும் கிடைக்கிறது.

ஜரிகையும் சம்கியும் ஒட்டிப் புடவை உடுத்திய படமாக இருந்தால், அலங்காரத்தில் மயங்காமல் முகத்தையும் கையையும் பார். அங்கேதான் ஒட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

ஓரம் வெட்டுப்பட்ட படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சட்டத்துக்கு அடங்கவில்லை என்று அந்தக் காலத்துத் தச்சர்கள் முகவரியோடு சேர்த்து நறுக்கித் தள்ளிய அசல் படங்கள் நம் பக்கத்தில் ஏராளம். அதை மறைக்காமல் சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்றால் பாவம் ஒன்றுமில்லை. அமெரிக்காவில் நடந்ததைக் கேள். 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளுக்குள் வைத்துக் கொடுத்த பேஸ்பால் ஆட்டக்காரர் சீட்டுகள், அவையும் நம் லக்ஷ்மியைப்போலக் கல்லச்சில் பிறந்தவைதாம், இன்று பெருஞ்செல்வர்கள் தேடும் பொருளாகிவிட்டன. அவற்றில் ஹோனஸ் வாக்னர் என்பவரின் சீட்டு ஒன்று, நான்கு விளிம்பும் கத்திபோல் கூர்மையாக இருந்த காரணத்தால், 2007இல் 28 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. அதை முன்னாளில் கைமாற்றிய பில் மாஸ்ட்ரோ என்ற ஏல வியாபாரி, விளிம்பைத் தாமே வெட்டிச் சீர் செய்ததாக 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். மை உண்மை, காகிதம் உண்மை, பிறப்பும் உண்மை. விளிம்பு மட்டும் பொய். இவ்வளவு காலம் கண்ட பொருளுக்கு இவ்வளவு சுத்தமான ஓரம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை உன் லக்ஷ்மியிடமும் கேள்.

தரகர் அவசரப்படுத்துகிறார், வேறொருவர் நாளைக்கே பணத்தோடு வருகிறார் என்று எழுதியிருக்கிறாய். வரட்டும். அந்த வேறொருவர் எனக்கும் பழக்கமானவர்தான். முப்பது வருஷமாக ஒவ்வொரு படத்துக்கும் நாளைக்கு வந்துகொண்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், வெயில் ஏறுவதற்குள், படத்தோடு வீட்டுக்கு வா. தனியே கொடுத்தனுப்பத் தரகருக்கு மனமில்லையென்றால் அவரையும் அழைத்து வா, ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் போகட்டும். கண்ணாடியும் ஊதா விளக்கும் மேஜைமேல் இருக்கும். பக்கத்தில் வைத்து ஒப்பிட மாமனார் வீட்டுப் படம் ஒன்றையும் சுவரிலிருந்து இறக்கி வைக்கிறேன். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்: சுத்தம் செய்கிறேன் என்று சட்டத்தின் பின்னாலுள்ள ஆணிகளை நீயாகப் பிடுங்கிவிடாதே. அவை முன்பே ஒரு தரம் பிடுங்கி அடிக்கப்பட்டவையா என்பதை நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் ஊர்ப் பெரியவன்