வேரா, வழியா?

ஆங்கிலத்தில் நாம் அடிக்கடி கேட்கும் சிறு சொல் ‘ரூட்’. அதன் பொருள் தெரியாதவர் எங்கள் வகுப்பில் எவரும் இல்லை என்றே நினைத்திருந்தோம். பிச்சாவரம் சுற்றுலா சென்று வந்து எழுதிய கட்டுரை அந்த நினைப்பைக் கலைத்துவிட்டது. “எங்கள் படகோட்டி காட்டிலுள்ள எல்லா ரூட்டுகளையும் அறிந்தவர்” என்று ஆங்கிலத்தில் எழுதினோம். நாங்கள் கருதியது வழி. ஆனால் எழுத்துக் கூட்டியதோ ஆர், ஓ, ஓ, டி. சிஸ்டர் அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, “வேரா, வழியா?” என்று ஓரத்தில் கேட்டிருந்தார். அக்கேள்விக்கு விடை தேடியபோது நாங்கள் கற்றவற்றை இங்கே தருகிறோம்.

ஒலி ஒன்று, சொல் இரண்டு

ஆர், ஓ, ஓ, டி என்றால் வேர். ஆர், ஓ, யு, டி, இ என்றால் வழி. ஆங்கிலேயர் இரண்டையும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றனர். அமெரிக்கர் பலர் வழியை மட்டும் ‘ரவுட்’ என்பர். தமிழில் எழுதினால் இரண்டும் ‘ரூட்’ ஆகிவிடுகின்றன. அதனால் நமக்குக் குழப்பம் இன்னும் மிகுதி.

இவை உறவில்லாத சொற்கள். முதலாவது, வடநாட்டவரான நார்ஸ் மக்களின் மொழியிலிருந்து ஆங்கிலத்திற்கு வந்தது. இரண்டாவது, லத்தீனில் ‘உடைக்கப்பட்டது’ எனப் பொருள்படும் சொல்லில் தோன்றிப் பிரெஞ்சு வழியாக வந்தது. தடையை உடைத்துத் திறந்த பாதைதான் அந்த ‘ரூட்’.

வேரின் பல பொருள்கள்

1. மரம், செடிகளின் வேர். பல், முடி ஆகியவற்றின் அடிப்பகுதிக்கும் இச்சொல்லே வரும்.

2. கணிதத்தில் மூலம். 49-இன் வர்க்கமூலம் 7. 27-இன் கனமூலம் 3. இவ்வாண்டு நம்மை வாட்டும் இருபடிச் சமன்பாட்டின் மூலங்களும் ‘ரூட்’களே.

3. இலக்கணத்தில் வேர்ச்சொல்.

4. ஒன்றின் தொடக்கம் அல்லது அடிப்படைக் காரணம். பண ஆசையைப் பற்றித் திமொத்தேயுவுக்கு எழுதும்போது புனித பவுல் வேர் என்ற உவமையையே கையாள்கிறார்.

5. வினைச்சொல்லாக வந்தால் வேரூன்றுதல். ‘அவுட்’ சேர்ந்தால் அடியோடு களைதல் என்று பொருள் மாறும். பன்றி மூக்கால் நிலத்தைக் கிளறுவதற்கும் இதே எழுத்துகள்தாம். ஆனால் அது வேறொரு சொல்.

ஆங்கிலம் ஒரே சொல்லால் சொல்வதைத் தமிழ் வேர், மூலம், அடி, பகுதி எனப் பிரித்துச் சொல்கிறது. ‘மூலிகை’யிலும் வேரைக் குறிக்கும் ‘மூலம்’ ஒளிந்திருப்பதைக் கவனித்தீர்களா?

ஒத்த சொற்கள் ஒன்றல்ல

அகராதியில் ‘ரூட்’டுக்கு அருகே ‘சோர்ஸ்’, ‘ஆரிஜின்’, ‘காஸ்’, ‘பேஸ்’ முதலிய சொற்கள் நிற்கின்றன. இவற்றை ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போட முடியாது. காவிரியின் ‘சோர்ஸ்’ தலைக்காவிரி. அதை ‘ரூட்’ என்பதில்லை. சிதம்பரத்தின் பழைய பெயரான தில்லைக்கு ‘ஆரிஜின்’ தில்லை மரம். அம்மரம் இன்றும் பிச்சாவரத்தில் உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் பெருந்தீங்கு.

‘காஸ்’ என்பது காரணம். ‘ரூட் காஸ்’ என்பது காரணத்திற்கும் காரணம். இவ்வேறுபாட்டை எங்களுக்கு விளக்கியது பிச்சாவரமே. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடையிலுள்ள இக்காட்டில் சில பகுதிகள் பட்டுப்போய்க் கிடந்தன. மண்ணில் உப்பு மிகுந்ததே காரணம். ஊரார் விறகு வெட்டுவதாலும் மாடு மேய்ப்பதாலும்தான் காடு அழிந்தது என்று நெடுங்காலம் பழி கூறப்பட்டது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஆராய்ந்து வேறு மூலகாரணத்தைக் கண்டனர். ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிய முறைப்படி, காட்டைப் பகுதி பகுதியாக முழுவதும் வெட்டியதால் நிலம் வெயிலில் காய்ந்து பள்ளமாயிற்று. அலை ஏற்றத்தில் வந்த கடல்நீர் அங்கே தேங்கி வற்றியது. உப்பு மட்டும் தங்கியது. ‘காஸ்’ தெரிந்தும் ‘ரூட் காஸ்’ தெரியாததால் ஏழை மக்கள்மீது பழி விழுந்தது. சொல்லின் பொருளை அளந்து பேசவேண்டியதன் தேவை இதனால் விளங்குகிறது அல்லவா?

வழி பிறந்தது, வேர் பிடித்தது

அதற்கு அவர்கள் செய்த வைத்தியம் என்ன? மீன் முள்ளைப்போல் நடுவே ஒரு வாய்க்காலும் இருபுறமும் கிளை வாய்க்கால்களும் வெட்டினர். அலைநீர் வந்து திரும்ப வழி கிடைத்தது, உப்பு குறைந்தது, நட்ட கன்றுகள் வேரூன்றின. ஒரு ‘ரூட்’ திறந்ததால் மற்றொரு ‘ரூட்’ பிழைத்தது!

அவ்வேர்கள் சாதாரணமானவை அல்ல. சுரபுன்னையின் முட்டு வேர்கள் வளைந்து இறங்கிச் சேற்றில் ஊன்றி நிற்கின்றன. வெண்கண்டலின் சுவாச வேர்கள் பென்சில்களை நட்டுவைத்ததுபோல் மேல்நோக்கி நின்று காற்றை உள்வாங்குகின்றன. அலையின் வேகத்தை ஆற்றுவதால் இதற்கு அலையாத்திக் காடு என்று பெயர். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்களில் சேதம் குறைவு. மரமற்ற திறந்த கரையில் இருந்த ஊர்களோ பேரழிவைக் கண்டன. 2022-இல் பிச்சாவரம் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது.

திருத்திய வாக்கியம்

சிஸ்டர் வட்டமிட்ட சொல்லைத் திருத்த அமர்ந்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. அன்று வாய்க்கால் இரண்டாகப் பிரிந்த இடத்தில் எங்கள் படகோட்டி அண்ணன் துடுப்பை நிறுத்தி, சுரபுன்னை வேர்களில் ஈரம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தார். “தண்ணி இறங்குது, இந்தப் பக்கம் போனா படகு தட்டும்” என்று சொல்லி, மற்றப் பக்கம் திருப்பினார். அவர் வேரைப் பார்த்தே வழியை அறிந்தார்!

ஆகவே, “எங்கள் படகோட்டி வேர்களை அறிந்தவர், அதனால் வழிகளையும் அறிந்தவர்” என்று இரண்டு ‘ரூட்’களையும் சரியான எழுத்துகளுடன் எழுதிக் கொடுத்தோம். இம்முறை சிவப்பு வட்டம் இல்லை. தோழியரே, நீங்களும் ஒரு சொல்லை எழுதுமுன் அதன் வேரைப் பாருங்கள். வழி தானே தெரியும்.