முன்மாதிரி கிராமத்தில் விதை வங்கி உண்டா?

முன்மாதிரி கிராமம் என்றதும் ரோடு, குடிதண்ணீர், கழிப்பறை, தெருவிளக்கு என்று கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனா, திட்டம் அதோடு நிற்கவில்லை.

2014 அக்டோபர் 11-ல் தொடங்கிய சன்சத் ஆதர்ஷ் கிராமத் திட்டத்தில் ஒவ்வொரு எம்.பி.யும் ஓர் ஊராட்சியைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. சமவெளி என்றால் 3,000 முதல் 5,000 பேர் உள்ள ஊர். சொந்த ஊரை எடுக்கக் கூடாது என்று இருந்தது. தனி நிதி கிடையாது. ஏற்கெனவே உள்ள திட்டங்களை ஒன்றுசேர்த்துத்தான் வேலை நடக்க வேண்டியிருந்தது. அப்படியென்றால், ஊரின் வளர்ச்சித் திட்டத்தில் எது எழுதப்படுகிறதோ அதுதான் கிடைக்கும்.

வழிகாட்டு நெறிமுறைகளைப் படித்துப் பார்த்தேன். இயற்கை விவசாயம், விதை வங்கி, மண்வள அட்டை, சாண வங்கி எல்லாம் அதில் இருக்கு. கேட்க ஆளில்லை என்றால் ஏட்டுச் சுரைக்காய்தான்.

நம்ம ஊரை எந்த எம்.பி.யும் எடுக்கலையே என்கிறீர்களா? கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் எல்லா ஊராட்சிக்கும் உண்டு. அது கிராம சபைக்கு வந்தாகணும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் சபை கூடும். பத்துப் பேராகப் போங்க. விதை வங்கி, வரத்து வாய்க்கால் தூர்வாருதல் என்று எழுதிக் கொடுங்க. தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்க.