முதல் பாவுக்கு யார் கூலி கொடுப்பது?

அன்புள்ள பேத்திக்கு,

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பத்து வீடுகளுக்கு எலெக்ட்ரானிக் ஜக்கார்டும் இழை தூக்கும் மோட்டாரும் வைத்துக் கொடுக்கிற பொறுப்பு உன் தலையில் விழுந்திருக்கிறது. "புதுசு என்றாலே பயப்படுகிறார்கள் தாத்தா, எப்படிப் புரியவைப்பது?" என்று கேட்டிருக்கிறாய். அவர்களுக்குப் புரியாமல் இல்லை கண்ணு. கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் தயங்குகிறார்கள்.

நம் ஊரில் கூலி சேலைக்கு, நாளுக்கு அல்ல. ஒரு பாவில் மூன்று சேலை. பழைய ஜக்கார்டுப் பெட்டியை இறக்கி, புதுசை ஏற்றி, நூல் கட்டி, இழை சரியாகத் தூக்குகிறதா என்று பார்த்து முடிக்கும்வரை தறி சும்மா நிற்கும். ஆபீசில் கம்ப்யூட்டர் வந்தபோது உன் அப்பாவைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். சம்பளம் தேதி தவறாமல் வந்தது. தறிக்காரருக்கு, கற்றுக்கொள்கிற நாளெல்லாம் வருமானம் இல்லாத நாள். முதல் சேலையில் கரை பிசகினால் கூலியில் பிடித்தம் வேறு. கருவி விலையில் 90 சதவீதம் மத்திய அரசு தருகிறது என்று சொல்வாய். நல்லதுதான், ஆனால் அவர்கள் கேட்பது கருவியின் விலையை இல்லை. முதல் பாவின் மூன்று சேலைக்கும், பழுது விழுந்தாலும், முழுக் கூலி என்று சங்கத் தீர்மானத்தில் எழுதி வாங்கிக்கொண்டு அப்புறம் தெருவுக்குள் போ.

என் கதை ஒன்று. பெயர் வேண்டாம், நான் வேலை பார்த்த ஒரு சங்கத்தில் 240 கொக்கி ஜக்கார்டு பெட்டிகளை வரவழைத்தோம். பெட்டி தறிக்கு மேலே உட்கார வேண்டும். ஓட்டு வீடுகளில் அந்த உயரம் இருக்கிறதா என்று யாரும் அளக்கவில்லை, நான் உட்பட. ஒரு வீட்டில் கடன் வாங்கிக் கூரையைத் தூக்கினார்கள். இன்னொரு வீட்டில் பெட்டி இரண்டு வருஷம் திண்ணையிலேயே கிடந்தது. அதன்மேல் முறத்தில் வடகம் காயும். ஆபீசர் வருகிறார் என்றால் முறம் மட்டும் உள்ளே போய்விடும்.

பிரான்ஸில் லியோன் ஊர்ப் பட்டு நெசவாளர்கள், ஜோசப் மரி ஜக்கார்டு 1804-இல் இந்தப் பெட்டியைக் கொண்டுவந்தபோது கொதித்துப் போனார்கள். இழை இழுத்துக் கொடுத்தவர்களின் பிழைப்பு போயிற்று. நம் ஊரிலும் 'அடை' போட்டு உருவம் எடுத்த காலத்தில் கூட ஒரு ஆள் வேண்டும். ஜக்கார்டு வந்ததும் வேண்டாமல் போனது. ஆனால் கரையைத் தனி நாடாவில் கோத்து நெய்கிற கோர்வைச் சேலைக்கு இன்றும் மூன்று நாடா, பக்கத்தில் இன்னொருவர். உன் மோட்டார் அந்த ஆளைக் குறைக்காது. குறைக்கும் என்று சொல்லிவிடாதே.

அது காப்பாற்றுவது முழங்காலை. ஜக்கார்டு மிதி கனம். மிதித்து மிதித்தே தறியை விட்டவர்கள் நம் தெருவில் உண்டு. அதனால் முதல் கருவியைத் துடியான பையனிடம் கொடுக்காதே. கால்வலியோடு தறியில் உட்காருகிற ஒரு அம்மாவுக்குக் கொடு. அவர் தறிச் சத்தம் சாயங்காலம் வரை கேட்டால், நீ கூட்டம் போட்டுப் பேச வேண்டியதில்லை.

"மோட்டார் வைத்தால் கைத்தறி முத்திரை போய்விடுமா?" என்று கட்டாயம் கேட்பார்கள். 1985-ஆம் வருஷத்துச் சட்டம், விசைத்தறி அல்லாத தறி எல்லாம் கைத்தறி என்கிறது. ஆனாலும் நீ வாயால் பதில் சொல்லாதே; நெசவாளர் சேவை மையத்தில் எழுத்தாக வாங்கிக் காட்டு. கரண்ட் செலவு பெரிசில்லை, 2023 முதல் கைத்தறிக்காரருக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசம். கரண்ட் போனால்தான் பெட்டி ஊமை. பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேட்டு வை.

இன்னொன்று. இனி துளையிட்ட டிசைன் அட்டை வேண்டாம், பென் டிரைவ் போதும் என்று நீ பத்து வீட்டில் சொல்வது, அட்டை அடித்துப் பிழைக்கிறவர் காதிலும் விழும். வரதராஜப் பெருமாள் கோயில் தூணில் இருக்கிற யாளியைக் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகப் படிக்கத் தெரிந்த மனுஷர் அவர். கம்ப்யூட்டரில் டிசைன் திருத்த உனக்கு ஆள் வேண்டும்தானே? முதல் பெட்டி இறங்குவதற்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போய்விட்டு வா. மத்தியானம் போகாதே, தூங்குவார்.

அன்புடன்,
தாத்தா