வாடகையா, சொந்தமா? சென்னையில் முதல் வீடு தேடுவோருக்கு முழுமையான வழிகாட்டி

“மாசாமாசம் வாடகையாக் கொடுத்துக் காசைக் கரியாக்குறதுக்குப் பதிலா, அதையே இ.எம்.ஐ.யாக் கட்டினா வீடாவது மிஞ்சும்ல?”

சென்னையில் வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருடம் ஆனவர்களிடம் ஊரிலிருந்து அப்பாவோ மாமாவோ கட்டாயம் கேட்கும் கேள்வி இது. கேட்பவர் மேல் தப்பில்லை. அவர் காலத்தில் ஊரில் மனை வாங்கி, இருக்கிற காசுக்குத் தளம் போட்டு, மீதியை அடுத்த வருடம் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கு பெரும்பாக்கத்தில் இரண்டு பெட்ரூம் பிளாட் வாங்குகிறவருக்குப் பொருந்தாது. “அதையே” என்ற ஒரு சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. இருபதாயிரம் வாடகை போகும் வீட்டுக்கு இ.எம்.ஐ. இருபதாயிரம் வராது. இரண்டு மடங்குக்கு மேல் வரும்.

நான் இந்த ஊரில் ஆறு வாடகை வீடுகள் மாறியவன். இப்போது இருப்பது சொந்த வீடு, அதாவது பாதி வங்கியுடையது. இரண்டு பக்கமும் அடிபட்டவன் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

முதல் படி: எத்தனை வருடம் இருப்பீர்கள்?

வட்டி விகிதத்தையும் ஏரியாவையும் பிறகு பார்க்கலாம். முதலில் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். ஐந்து வருடத்துக்குள் பெங்களூருக்கோ வெளிநாட்டுக்கோ மாற்றல் வரலாம், கல்யாணம் ஆனபின் துணையின் ஆபீஸ் ஊரின் மறுகோடியில் இருக்கலாம் என்றால் வாங்காதீர்கள். வாங்கும்போது பத்திரச் செலவு, விற்கும்போது புரோக்கர் கமிஷன் என்று இரண்டு பக்கமும் கசியும். பத்து வருடம் அசைய மாட்டேன், பிள்ளைக்குப் பள்ளியும் பக்கத்திலேயே அமைந்துவிட்டது என்றால் மேலே படியுங்கள்.

இரண்டாம் படி: ஒப்பிட வேண்டியது இ.எம்.ஐ.யை அல்ல

பலரும் வாடகையையும் இ.எம்.ஐ.யையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கிறார்கள். அது தப்பு. இ.எம்.ஐ.யில் ஒரு பகுதி அசல், அது உங்கள் சேமிப்பு. திரும்பி வராமல் போகும் காசை மட்டும்தான் வாடகையோடு ஒப்பிட வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். பிளாட் விலை 70 லட்சம். அதே கட்டடத்தில் அதே அளவு வீடு 18,000 ரூபாய் வாடகைக்குக் கிடைக்கிறது, மெயின்டனன்ஸ் 3,000. வங்கி 56 லட்சம் கொடுக்கிறது. வட்டி 8.5 சதவீதம், 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 48,600 ரூபாய். அதில் முதல் மாதம் வட்டிக்கு மட்டும் போவது ஏறத்தாழ 39,700. அசலில் கழிவது ஒன்பதாயிரத்துக்கும் கீழே.

முதல் வருடம் திரும்பி வராத காசு எவ்வளவு? வட்டி 4.7 லட்சம். மெயின்டனன்ஸ், சொத்துவரி, அங்கங்கே பிளம்பர், எலக்ட்ரீஷியன் எல்லாம் சேர்த்து அரை லட்சம் வைத்துக்கொள்ளுங்கள். பலரும் எழுத மறக்கும் வரி ஒன்று உண்டு: முன்பணம், பத்திரச் செலவு, உள்வேலை என்று கையிலிருந்து போட்ட காசு. அதை 23 லட்சம் என்று வைத்தால் (எப்படி என்று அடுத்த படியில் சொல்கிறேன்), 7 சதவீத டெபாசிட்டில் அது வருடத்துக்கு 1.6 லட்சம் ஈட்டியிருக்கும். மொத்தம் 6.8 லட்சம். வாடகைக்கு இருந்திருந்தால் மெயின்டனன்ஸ் சேர்த்து 2.52 லட்சம்தான். வித்தியாசம் நாலேகால் லட்சத்துக்கு மேல்.

அந்த வருடம் உங்கள் பிளாட்டின் விலை 6 சதவீதத்துக்குச் சற்று மேலே ஏறினால்தான் இரண்டும் சரிக்குச் சரி. ஏறுமா? ஏரியாவைப் பொறுத்தது. போகப்போக வாடகை ஏறும், வட்டிப் பங்கு குறையும், கணக்கு மெல்லச் சொந்த வீட்டின் பக்கம் சாயும். ஆனால் அது மெதுவாகத்தான் சாயும். இதே கடனில் ஐந்து வருடம் கட்டி முடித்தால் கையைவிட்டுப் போனது 29 லட்சத்துக்கு மேல், அசலில் கழிந்தது 6.65 லட்சம். பாதிக் கடன் அடைய ஏறத்தாழ 14 வருடம் ஆகும். நடுநடுவே போனஸ் வரும்போது அசலில் கொஞ்சம் கட்டிவிடுங்கள். தனிநபர் வாங்கும் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது.

“டாக்ஸ் மிச்சமாகுமே?” என்பார்கள். பழைய வரிமுறையில் இருந்தால் ஆகும்: குடியிருக்கும் வீட்டுக்கு வட்டியில் 2 லட்சம் வரை கழிவு உண்டு, அசலுக்கு ஒன்றரை லட்ச வரம்புக்குள் இடம் உண்டு. புதிய முறையில் இவை இல்லை. வாடகைப்படிக் கழிவும் இல்லை. சம்பளக்காரர்களில் பலர் இப்போது புதிய முறைக்குப் போய்விட்டதால், வரிச் சலுகைக்காகவே வீடு வாங்குவது என்ற பழைய வாதம் பாதி செத்துவிட்டது.

கணக்கில் வராதது ஒன்றும் உண்டு. வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், நான்-வெஜ் சமைப்பீர்களா என்று படியிலேயே நிறுத்திக் கேட்பார்கள். பெயரைச் சொன்னதுமே வீடு “இப்பதான் முடிஞ்சுபோச்சு” என்றாகிவிடும். இதை நாலு முறை அனுபவித்தவரிடம் போய் 6 சதவீதம், 7 சதவீதம் என்று நான் பேச மாட்டேன். அவருக்குச் சொந்த வீட்டின் மதிப்பு வேறு.

மூன்றாம் படி: கையில் எவ்வளவு வேண்டும்?

வங்கி முழுவதையும் தராது. கடன் 30 லட்சம் வரை என்றால் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை, 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. பத்திரச் செலவு இந்த மதிப்பில் சேராது, அது முழுக்க உங்கள் கைக்காசு.

தமிழ்நாட்டில் மனைக்கும் மறுவிற்பனை வீட்டுக்கும் முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். புதுப் பிளாட்டின் முதல் விற்பனைக்கு 2023 டிசம்பரிலிருந்து சலுகை உண்டு: 50 லட்சம் வரை மொத்தம் 6 சதவீதம், 3 கோடி வரை 7. கட்டி முடித்து நிறைவுச் சான்று வாங்கிய வீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு உண்டு. பொதுவாக 5 சதவீதம், மலிவு விலை வீட்டு வரம்புக்குள் வந்தால் 1. விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்டுவது வாங்குபவரின் பொறுப்பு. விற்பவர் ஞாபகப்படுத்த மாட்டார்.

ஆக நம் 70 லட்சம் பிளாட்டுக்கு முன்பணம் 14, பத்திரம் 4.9. அப்புறம் கப்போர்டு, கிச்சன், கிரில், கொசுவலை, ஃபேன், லைட், கிரகப்பிரவேசம். நாலு லட்சத்தில் முடித்தால் சமர்த்து. அங்கேதான் அந்த 23 வந்தது. இதை நகையை வைத்தோ பர்சனல் லோன் போட்டோ திரட்டுவதாக இருந்தால் இன்னும் இரண்டு வருடம் வாடகையிலேயே இருங்கள்.

நான்காம் படி: வாடகைக்கு என்றால்

மேற்கு மாம்பலத்தில் என் முதல் வீட்டைக் காலி செய்த அன்று ஹவுஸ் ஓனர் டார்ச்சோடு மாடிக்கு வந்தார். பட்டப்பகல். சுவரில் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து ஆணி அடித்த ஓட்டைகளை எண்ணினார், பதினான்கு. ஓட்டைக்கு நூறு ரூபாய், பெயின்ட்டுக்கு ஒரு மாத வாடகை, குளியலறைக் குழாய் ஒன்று. பாதி ஓட்டைகள் எனக்கு முன்னால் இருந்தவர் காலண்டர் மாட்டியவை. நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

அதனால் சாவி கைக்கு வந்ததும், சாமான் இறங்குவதற்கு முன், வீடு முழுக்க மொபைலில் வீடியோ எடுத்து அன்றே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். சுவர், குழாய், கதவுத் தாழ்ப்பாள், கடைசியில் மின் மீட்டரின் ரீடிங்.

மீட்டர் விஷயத்தைத் தனியாகவே கேளுங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். தனி மீட்டர் இருந்தால் அந்தச் சலுகை உங்களுக்கு. ஒரே இணைப்பில் சப்-மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனரே விலை சொன்னால், வெயில் காலத்தில் ஏ.சி. போடும்போது தெரியும்.

அட்வான்ஸ் பத்து மாத வாடகை என்பது சென்னையின் பழைய வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் பேசும் அளவு மூன்று மாதம். ஓனர்கள் இப்போது ஐந்து, ஆறு என்று இறங்கியிருக்கிறார்கள். அதே சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் பதினொரு மாதம் என்று எழுதி மடித்து வைப்பது பழைய சட்டக் காலத்துப் பழக்கம். நீங்களே பதியச் சொல்லிக் கேளுங்கள். தகராறு வந்தால் அந்தப் பதிவு எண்தான் பேசும்.

ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலும் யாரும் வீடு மாற மாட்டார்கள். காலியாகக் கிடக்கும் வீட்டுக்கு அந்த இரண்டு மாதத்தில் பேரம் பேசினால் ஆயிரம், இரண்டாயிரம் குறையும். சாஸ்திரம் பார்க்காதவர்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடி.

நடுவில் ஒரு வழி: லீஸ்

தெற்கே ஒத்தி என்பார்கள், சென்னையில் லீஸ். எட்டு லட்சம் கொடுத்தால் இரண்டு வருடம் வாடகை இல்லாமல் இருக்கலாம், காலி செய்யும்போது எட்டு லட்சமும் திரும்ப வரும். கேட்க இனிக்கும். அந்த எட்டு லட்சத்தின் வட்டி மாதம் ஐந்தாயிரத்துக்கும் குறைவு. பன்னிரண்டாயிரம் வாடகை வரும் வீட்டை ஓனர் ஏன் ஐந்தாயிரத்துக்குக் கொடுக்கிறார்? பல சமயம் வங்கி அவருக்கு மேற்கொண்டு கடன் தராததால். வீடு ஏற்கெனவே அடமானத்தில் இருந்து, அவர் தவணையை நிறுத்திவிட்டால், நோட்டீஸ் உங்கள் கதவில்தான் ஒட்டப்படும். வில்லங்கச் சான்று பார்க்காமல், ஒப்பந்தத்தைப் பதியாமல் லீசுக்குப் போகாதீர்கள். அடுத்த லீஸ்காரர் கிடைத்தால்தான் பணம் தருவேன் என்பது மிகச் சாதாரணமாக நடப்பது.

ஐந்தாம் படி: வாங்குமுன் ஒரு மழைக்காலம்

எனக்குத் தெரிந்து மிக மலிவான ஆலோசனை இதுதான்: எந்த ஏரியாவில் வாங்க நினைக்கிறீர்களோ அங்கே ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள். ஏப்ரல் ஞாயிறு காலையில் பில்டர் காட்டும் தெரு வேறு, டிசம்பரில் முழங்கால் தண்ணீரில் நிற்கும் தெரு வேறு. 2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த வேளச்சேரி, பள்ளிக்கரணைக்காரர்களிடம் கேட்டால் தரைத்தளத்தில் தண்ணீர் ஏறிய அளவைச் சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள். மே மாதத்தில் போரில் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது, வாரத்துக்கு எத்தனை லாரி வருகிறது என்று வாட்ச்மேனைக் கேளுங்கள். பிரவுச்சரில் இல்லாததெல்லாம் அவருக்குத் தெரியும்.

ஆறாம் படி: காகிதங்கள்

பிளாட் என்றால் முதலில் கேட்க வேண்டியது யு.டி.எஸ்., அதாவது மனையில் உங்களுக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு. கட்டடம் வருடாவருடம் பழசாகிறது. விலை ஏறுவது மண்ணுக்கு. ஆயிரம் சதுரடி பிளாட்டுக்கு 450 சதுரடி மண் வரும் மூன்று மாடிக் கட்டடமும், 250 கூட வராத பதினைந்து மாடி டவரும் இன்று ஒரே விலையில் இருக்கலாம். முப்பது வருடம் கழித்து இடித்துக் கட்டும் பேச்சு வரும்போது நீச்சல் குளத்தை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள், மண்ணைத்தான் எடுப்பார்கள்.

சூப்பர் பில்ட்-அப் என்று சொல்லும் அளவில் படிக்கட்டும் லிப்டும் சேர்ந்திருக்கும். கால் வைக்கும் இடம் எவ்வளவு என்று கார்பெட் ஏரியாவைக் கேளுங்கள். எட்டு வீட்டுக்கு மேலோ 500 சதுர மீட்டர் மனைக்கு மேலோ போகும் திட்டம் ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிந்திருக்க வேண்டும். எண்ணை வாங்கி நீங்களே இணையத்தில் பாருங்கள்.

தாய்ப்பத்திரம், முப்பது வருட வில்லங்கச் சான்று, பட்டா, திட்ட அனுமதி, நிறைவுச் சான்று, சொத்துவரி ரசீது. இவற்றை உங்கள் சொந்தச் செலவில் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். “பேங்க் லீகல் பார்த்துட்டாங்க” என்பது போதாது. வங்கி வக்கீல் பார்ப்பது வங்கியின் காசுக்கு ஆபத்து உண்டா என்று. அனுமதி வாங்கிய வரைபடத்தையும் கட்டியதையும் ஒத்துப் பாருங்கள். மொட்டை மாடியில் முளைத்த கூடுதல் வீடு வரைபடத்தில் இருக்காது.

பதிவுக்குப் பிறகு

பத்திரம் பதிந்ததும் ஸ்வீட் பெட்டியோடு எல்லாம் முடிந்ததாக நினைத்துவிடுகிறோம். பட்டா, சொத்துவரி, மின் இணைப்பு, தண்ணீர் இணைப்பு நான்கிலும் பெயர் மாற்ற வேண்டும். ஆறு மாதம் விட்டால் ஆறு வருடம் ஆகும்.

மூலப் பத்திரம் வங்கிக்குப் போகும். கொடுத்த ஒவ்வொரு காகிதத்துக்கும் கையெழுத்து, முத்திரையோடு பட்டியல் வாங்கி வையுங்கள். கடன் தீர்ந்த 30 நாளுக்குள் அவற்றை வங்கி திருப்பித் தர வேண்டும், அதன் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது 2023 டிசம்பரிலிருந்து ரிசர்வ் வங்கியின் விதி. பத்திரம் கைக்கு வந்த பின்னும் ஒரு வேலை மிச்சம்: கடன் எடுத்தபோது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த அடமானத்துக்கு ரசீது பதிய வேண்டும். அதை விட்டுவிட்டால், தவணை முழுக்கக் கட்டிய வீட்டின் வில்லங்கச் சான்றில் வங்கியின் பெயர் அப்படியே நிற்கும்.