பணிமனைப் பாதுகாப்பு: ஆசிரியருக்கு எந்தப் பயிற்சி தேவை?

இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை



லேத் சக்கில் சாவியை எடுக்காமல் சுவிட்சைப் போட்டால் அது யார் மேல் பறக்கும் என்று சொல்ல முடியாது. இதை நமக்கு முதல் நாளிலேயே சொல்லித் தர வேண்டியவர் ஆசிரியர். சரி, அவருக்கு யார் சொல்லித் தருவது?

தொழில்நுட்ப ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரவென்றே சென்னை தரமணியில் 1964-ல் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. முன்பு அதற்கு டி.டி.டி.ஐ. என்று பெயர், 2003 முதல் என்.ஐ.டி.டி.டி.ஆர். 1984 போபால் விஷவாயு விபத்துக்குப் பின், 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தி, பாதுகாப்புப் பயிற்சி பெறுவதைத் தொழிலாளியின் உரிமையாகச் சேர்த்தார்கள். நாளை அந்தத் தொழிலாளிகளுக்கு சூப்பர்வைசராகப் போகிறவர்கள் நாம்தான். ஆசிரியர் பயிற்சியில் ஓட்டை இருந்தால் அது நம் வழியா தொழிற்சாலை வரைக்கும் போகும்.

மருந்து கொடுக்கும் முன் நாடி பார்க்க வேண்டாமா? அதற்குப் பெயர்தான் தேவை மதிப்பீடு. தெரிய வேண்டியதில் தெரிந்ததைக் கழித்தால் மிச்சம் வருவதே பயிற்சித் தேவை. அதைக் கண்டுபிடிக்க மூன்று வழிகள்:

1. பதிவேடு: நடந்த விபத்துகள் மட்டுமல்ல, மயிரிழையில் தப்பியதும் அதில் இருக்கணும்.

2. நேரில் பார்ப்பது: கிரைண்டரில் சக்கரத்துக்கும் டூல் ரெஸ்டுக்கும் இடைவெளி 3 மி.மீ.க்குள் இருக்கா? ஆக்ஸிஜன் வால்வை எண்ணெய்க் கையால் தொடுறாங்களா?

3. செய்து காட்டச் சொல்வது: "தெரியுமா?" என்று கேட்டால் "தெரியும்" என்றுதான் பதில் வரும். ஒருவனுக்கு ஷாக் அடித்தால் ஆசிரியர் முதலில் மெயினை அணைக்கிறாரா, கையைப் பிடித்து இழுக்கிறாரா என்று பார்க்கணும்.

அடுத்து மதிப்பெண். நடக்கும் வாய்ப்புக்கு 3 வரை, பாதிப்புக்கு 3 வரை போட்டுப் பெருக்கணும். சக்கு சாவிக்கு 3×3=9 என்றும், கைப்பிடி இல்லாத அரத்துக்கு 2×2=4 என்றும் வந்தால் சாவிக்குத்தான் முதல் வகுப்பு.

ஒன்றை மறக்கக் கூடாது. எல்லாக் குறையும் பயிற்சிக் குறை அல்ல. பாதுகாப்புக் கண்ணாடியே வாங்காத பணிமனைக்குத் தேவை வகுப்பு இல்லை, பணம். கண்ணாடி இருந்தும் ஆசிரியரே போடாவிட்டால் அது பழக்கக் குறை. ஆர்க் வெல்டிங்குக்கு சாதாக் கண்ணாடி போதும் என்று அவர் நினைத்தால், அதுதான் பயிற்சிக் குறை. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். நம்மில் பலரும் அப்படித்தான். மில்லிங் மெஷின் எப்படி இருக்கும் என்று நம் அப்பா அம்மாவுக்குத் தெரியாது. 'வாத்தியார் பார்த்துக்குவார்' என்று நம்பித்தான் அனுப்புகிறார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். துறைக்கு ஒரு நோட்டு வைப்போம். மயிரிழையில் தப்பியதை எல்லாம் யார் பெயரும் போடாமல் அதில் எழுதுவோம். ஆசிரியர்கள் பயிற்சிக்குப் போகும்போது அந்த நோட்டையும் கொண்டு போகட்டும்.

போன விரலை எந்த வெல்டிங்கிலும் ஒட்ட முடியாது, நண்பர்களே!