டிராக்டர் எஞ்சின் பளுவில் தட்டினால்

சேற்றுழவு நாளில்தான் இந்தக் கோளாறு பெரும்பாலும் தெரியவரும். நிறுத்தி வைத்த நிலையில் சீராக ஓடும் எஞ்சின், பளு ஏறி ஆக்சிலேட்டரைக் கூட்டியதும் 'டங் டங்' என்று தட்டத் தொடங்கும். உழவு முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று பலர் ஓட்டிவிடுகின்றனர். இது ஆபத்தானது. நாசில் கோளாறாயின் சிறு செலவில் தீர்ந்துவிடும். கனெக்டிங் ராடு பேரிங் தேய்ந்திருந்தாலோ, தொடர்ந்து ஓட்டுகையில் ராடு முறிந்து எஞ்சின் பிளாக்கையே உடைத்துவிடக்கூடும். ஆகவே தட்டுவது எது என்று அறிவதே முதல் வேலை.

டீசல் எஞ்சின் இயல்பாகவே ஓரளவு தட்டும். இதில் பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. அழுத்தத்தால் சூடேறிய காற்றில் டீசல் தூவப்பட்டு, தானாகத் தீப்பிடிக்கிறது. தூவுவதற்கும் தீப்பிடிப்பதற்கும் இடையே மிகச் சிறிய கால இடைவெளி உண்டு. அது நீண்டுவிட்டால் சிலிண்டரில் டீசல் தேங்கி, எல்லாம் ஒருசேர எரிந்து பிஸ்டனைச் சம்மட்டியால் அடிப்பது போல் அடிக்கும். காலையில் குளிர்ந்த எஞ்சின் சற்றுக் கடுமையாகத் தட்டிச் சூடேறியதும் அடங்குவது இதனால்தான். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. சூடான பின்னும் தட்டுவதுதான் கவனிக்கத்தக்கது.

உடனே பார்க்க வேண்டியவை

ஓசை கேட்டதும் பளுவை நீக்கி, ஆயில் அழுத்தமானியைப் பாருங்கள். அழுத்தம் இறங்கியிருந்தாலோ, ஆயில் விளக்கு எரிந்தாலோ எஞ்சினை நிறுத்திவிடுங்கள். மீண்டும் கிளப்ப வேண்டாம். சமதரையில் சில நிமிடங்கள் நிற்கவிட்டு ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். மட்டம் குறைந்திருப்பது மட்டும் கெடுதல் அல்ல. மட்டம் கூடி, டீசல் வாடை வீசினாலும் கெடுதலே. டீசல் கலந்து நீர்த்த ஆயில் பேரிங்கைக் காக்காது.

ஆயில் சரியாக இருந்தால் கியரைக் கவனியுங்கள். உயர்ந்த கியரில், குறைந்த சுற்றில், ஆக்சிலேட்டரை முழுதும் திறந்து எஞ்சினைத் திணறவிட்டால் நல்ல எஞ்சினும் தட்டும். ஒரு கியர் குறைத்ததும் ஓசை நின்றால் குறை எஞ்சினில் இல்லை, ஓட்டும் முறையில்தான்.

அடுத்தது டீசல். 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் விற்கப்படும் பி.எஸ். 6 டீசலின் சீட்டேன் எண் 51-க்குக் குறையக்கூடாது என்பது விதி. இந்த எண் குறைந்தால் தீப்பிடிக்கும் நேரம் நீளும், தட்டல் கூடும். மண்ணெண்ணெய் கலந்த டீசலில் வழுக்குத்தன்மையும் குறைவு. பம்பும் நாசிலும் விரைவில் தேயும். புதிதாக டீசல் ஊற்றிய பிறகே ஓசை வந்ததா என்று நினைத்துப் பாருங்கள்.

எந்தச் சிலிண்டர்?

சுற்றுக்கு ஏற்ப விரைந்து, பளு கூடினாலும் மாறாத மெல்லிய 'டிக் டிக்' ஓசை டேப்பட்டினுடையது. எஞ்சின் கையேட்டில் உள்ள இடைவெளிக்குப் பில்லர் கேஜ் கொண்டு சரிசெய்தால் போதும். குளிரில் கேட்டுச் சூட்டில் குறையும் மந்தமான ஓசை பிஸ்டன் தேய்மானத்தைக் காட்டும். பளுவிலும், ஆக்சிலேட்டரைச் சட்டென்று கூட்டிக் குறைக்கும்போதும் கேட்கும் கனத்த ஓசைதான் பேரிங்கைச் சேர்ந்தது.

நாசிலா பேரிங்கா என்பதில் ஐயமிருந்தால், பழைய வகைப் பம்பு உள்ள மூன்று சிலிண்டர் எஞ்சினில் ஒரு சோதனை உண்டு. ஓசை கேட்கும் வேகத்தில் எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு நாசிலுக்கும் வரும் குழாயின் நட்டை ஸ்பேனரால் சற்றே தளர்த்தி, மீண்டும் இறுக்குங்கள். எதைத் தளர்த்தும்போது தட்டல் அடங்குகிறதோ, அந்தச் சிலிண்டரே குற்றவாளி. பின் எஞ்சினை நிறுத்தி, அந்த நாசிலையும் வேறொரு சிலிண்டரின் நாசிலையும் புதிய செப்பு வாஷருடன் இடம் மாற்றிப் பூட்டுங்கள். ஓசையும் கூடவே இடம் மாறினால் பழுது நாசிலில். பழைய இடத்திலேயே நின்றால் பேரிங்கையோ பிஸ்டனையோ பார்க்க வேண்டும். எந்த நட்டைத் தளர்த்தினாலும் ஓசை மாறவில்லையெனில் டேப்பட்டையும் டைமிங் கியரையும் பாருங்கள்.

இச்சோதனையில் கையையோ முகத்தையோ பீறிடும் டீசலுக்கு நேரே கொண்டுபோகக் கூடாது. உயரழுத்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே செல்லும். ஊசி குத்தியது போன்ற சிறு புள்ளிதான் தெரியும். வலியும் முதலில் இராது. ஆயினும் அன்றே அறுவைச் சிகிச்சை செய்யாவிடில் விரலையே இழக்க நேரிடும். சூடான புகைக்குழாயில் டீசல் சொட்டாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். காமன் ரயில் பொருத்திய புதிய டிராக்டர்களில் அழுத்தம் இதைவிடப் பல மடங்கு அதிகம். அவற்றில் இந்தச் சோதனையை ஒருபோதும் செய்யக்கூடாது.

திருத்தம்

நாசிலைச் சோதனைக் கருவியில் பூட்டி, கையேட்டில் கண்ட அழுத்தத்தில் புகை போல் தூவுகிறதா, சொட்டுகிறதா என்று பார்த்தல் வேண்டும். கம்பியால் துளையைக் குத்திச் சுத்தம் செய்யும் வழக்கம் நாசிலைக் கெடுக்கும். எல்லாச் சிலிண்டரும் ஒன்றுபோல் தட்டினால், அதுவும் பம்பைக் கழற்றி மாட்டிய பிறகு தட்டினால், டீசல் முன்னதாகவே பாய்கிறது என்று கொள்ளலாம். பம்பின் டைமிங் குறியைச் சரிபார்க்கச் செய்யுங்கள். சூடு ஏறுகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் மெக்கானிக்குகளும் உண்டு. எஞ்சின் தேவையான சூட்டை எட்டாமல் தட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம், தேய்மானமும் கூடும்.

பேரிங் தேய்ந்திருந்தால் வடித்த ஆயிலிலும் பில்டரிலும் பளபளக்கும் உலோகத் துகள் காணலாம். பழைய பேரிங்கின் அடியில் தகரமோ காகிதமோ வைத்து இறுக்குவது சில நாளே தாங்கும். கிராங்க் ஷாப்டை மைக்ரோமீட்டரால் அளந்து, தேவையானால் சாணை பிடித்து, அதற்கேற்ற அளவுள்ள பேரிங்கைப் போட வேண்டும். ராடு போல்ட்டுகளை டார்க் ரெஞ்சு கொண்டே இறுக்கச் சொல்லுங்கள். அளந்த அளவைச் சீட்டில் எழுதி வாங்கி வைத்துக்கொண்டால், அடுத்த முறை எஞ்சினைப் பிரிக்கும்போது உதவும்.