சக்கர பேரிங்கைத் தெரிந்தெடுத்தலும் பொருத்துதலும்

ஸ்ரீபெரும்புதூர் ஸ்ரீ ராமாநுஜர் அவதரித்த தலமென்பதை யாவரும் அறிவர். இந்நாளில் அப்பெயர் மோட்டார் வண்டிகளோடும் சேர்த்துச் சொல்லப்படுகின்றது. அதற்கணித்தான இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டில் ஹூண்டாய் கம்பெனியார் சான்ட்ரோ வண்டியைச் செய்து வெளியிட்டனர். ஒரகடத்தில் 2010இல் ரெனால்ட்-நிஸான் தொழிற்சாலையும், 2012இல் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலையும் திறக்கப்பட்டன. இத்தகைய தொழிற்சாலைகளில் சக்கர பேரிங்கை அளவறிந்து அழுத்தும் யந்திரங்கள் உண்டு. ஆனால் அது தேய்ந்தபின் மாற்றப்படுவதோ பெரும்பாலும் சாலையோரப் பட்டறையில். அங்கே யந்திரத்தின் குறையை அறிவே நிரப்புதல் வேண்டும்.

சிறு கார்களின் சக்கர பேரிங் என்பது ஓர் உள்வளையமும் ஒரு வெளிவளையமும், அவற்றிடையே இருவரிசை எஃகுக் குண்டுகளும் கொண்டதாகும். பல கார்களின் முன்சக்கரத்தில் வெளிவளையம் நக்கிள் என்னும் வார்ப்புக்குள்ளும், உள்வளையம் ஹப்பின் மீதும் இறுக்கமாக ஏறியிருக்கும். லாரிகளிற் பெரும்பாலும் குண்டுகளுக்குப் பதிலாகக் கூம்புருளைகள் இருக்கும்.

பேரிங் கெட்டதை ஓசையால் அறியலாம். வேகம் மிக மிக முரலும் ஒலியும் மிகும். வண்டி வலப்புறம் திரும்புங்கால் பாரம் இடச்சக்கரத்தின் மேற் சாய்கின்றது. அப்போது ஒலி பெருகுமாயின் குற்றம் இடப்பக்கத்ததென்று ஊகிக்கலாம். பின்னர் வண்டியை உயர்த்தி, தாங்கியின்மேல் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பற்றி அசைத்து ஆட்டம் உண்டாவெனப் பார்க்க வேண்டும். 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாத வெள்ளத்திற்போலச் சக்கரம் நீரில் மூழ்கினால் கேடு விரைவில் நேரும். சூடேறிய பேரிங் நீரிற் சட்டெனக் குளிர, உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி, சீலின் வழியே நீரை உள்ளிழுக்கும். கிரீஸ் கெட்டுத் துருப்பிடிக்கும்.

இனித் தெரிந்தெடுக்கும் முறை. உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் ஆகிய மூன்றும் பழையதனோடு ஒத்திருத்தல் வேண்டும். பல பேரிங்குகளில் இவ்வளவுகள் எண்ணிலேயே அடங்கியுள்ளன: டிஏசி 35720033 என்பது 35 மில்லிமீட்டர் உள்விட்டமும், 72 வெளிவிட்டமும், 33 அகலமும் உடையது. அளவொன்றே போதாது. ஏ.பி.எஸ். பிரேக்கு உள்ள வண்டிகள் பலவற்றில் பேரிங்கின் ஒருபுறச் சீலில் காந்தப் பட்டை பொதிந்திருக்கும். அது இல்லாததை வாங்கினாலும், இருப்பதைப் புறம் மாற்றிப் பொருத்தினாலும் ஏ.பி.எஸ். செயற்படாது. ஆகையால் வண்டியின் மாடலுக்குரிய பாக எண்ணைக் காட்டி, நம்பிக்கையான கடையில் வாங்குக. போலிச் சரக்கு மலிவாயிருப்பினும், அதன்மேல் ஓடுவன உயிர்கள்.

பொருத்துதலில் முதன்மையான விதி ஒன்றே: அழுத்தும் விசை குண்டுகளின் வழியே செல்லலாகாது. நக்கிளில் ஏற்றுங்கால் வெளிவளையத்தை மட்டும் அழுத்துக. ஹப்பை உட்செலுத்துங்கால் உள்வளையத்திற்கு மட்டும் அடியில் முட்டுக் கொடுக்க. குண்டும் வளையமும் தொடும் இடம் மிகச் சிறிது. மாறான வளையத்தை அழுத்தினும், சுத்தியால் அடிப்பினும், அச்சிறு இடத்திற் பெருவிசை குவிந்து, வளையத்தின் ஓடுபாதையிற் குழிகள் விழும். அவை வெளியே தோன்றா. சில நாட்களில் புதுப் பேரிங்கே முரலத் தொடங்கும். வாங்கினவர் கடைக்காரனை நோவார்.

ஆதலின் ஹைட்ராலிக் பிரஸ்ஸும், வளையத்திற்கேற்ற குழாய்த் துண்டுகளும் இன்றியமையாதன. ஏற்றுமுன் நக்கிளின் துளையைத் துடைத்து, துருவும் பிசிறும் நீக்குக. பழைய உள்வளையம் ஹப்பில் ஒட்டிக்கொண்டிருப்பின் புல்லரால் கழற்றுக. கழற்றிய பேரிங்கை மீண்டும் பூட்டலாகாது. சீலிட்ட புதுப் பேரிங்கைக் கழுவுதலும் அதற்குக் கிரீஸ் இடுதலும் வேண்டா. சர்க்ளிப் தன் காடியில் முழுதும் அமர்ந்ததா என்று காண்க. இறுதியாக, அச்சின் புது நட்டை, தயாரிப்பாளரின் கையேட்டிற் குறித்த அளவிற்கு டார்க் ரென்ச்சால் முடுக்குக. அதற்கு முன் வண்டியின் பாரத்தைச் சக்கரத்தின்மேல் இறக்கலாகாது. நட்டின் இறுக்கமே இரு பகுதியான உள்வளையத்தைச் சேர்த்துப் பிடிப்பது.

நல்ல பேரிங் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓசையின்றி உழைக்கும். அவ்வுழைப்பு வாய்ப்பதும் வீணாவதும், எந்த வளையத்தை அழுத்தினோம் என்பதைப் பெரிதும் சார்ந்தது. பிரஸ்ஸின் பிடியைத் தொடுமுன் தொழிலாளி தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா அதுவே.